சந்தியாகு வீட்டு ஆன்டெனா

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டி நிரம்ப இன்னும் நேரம் ஆகும், மிதவை கெட்டுப்போன நாளிலிருந்து யாராவது ஒருத்தர் மொட்டைமாடியில் நின்று பார்த்தால்தான் உண்டு, அந்த யாராவது ஒருத்தர் நான்தான், இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கீழே அம்மா தூங்குகிறாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள், இரண்டுக்கும் இப்போதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. பால் வைத்தேன், பொங்கியது, இறக்கினேன், அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. அணைத்திருப்பேன். உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த அத்தனை வருஷமும் காலையில் அவசர அவசரமாகக் கிளம்பினவள், ஒரு நாள்கூட அணைக்காமல் போனதில்லை, கை அதுவாகவே போய்த் திருகிவிடும். வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் சிமென்ட் தரை காலைச் சுடுகிறது, நிழல் என்று இங்கே இருப்பது தொட்டியின் நிழலும் ஆன்டெனாக் குழாயின் நிழலும், குழாயின் நிழல் வெறும் ஒரு கோடு, அதில் ஒரு கால் நிற்கலாம், மற்றக் கால் சுடும். மத்தியானம் அம்மாவின் முதுகை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன், எலும்பு எலும்பாகத் தெரிகிற முதுகு, அதற்குள் இருந்து குரல் வருவது போலச் சொன்னாள், "அது அவிய இல்லட்டி." எது என்று கேட்டேன். "அந்த டிவில பாத்தது. அவிய இல்ல." அவ்வளவுதான். அப்புறம் துண்டு குளிருது என்றாள், காபி கேட்டாள், சீனி கூடப் போடச் சொன்னாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடப் போடவில்லை.

அவிய என்றால் அப்பா, அம்மா வாயில் அந்தச் சொல் வேறு எந்த ஆணுக்கும் கிடையாது. அப்பா பெயர் சந்தியாகு. கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு தமிழர் துணிக்கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டார், தூத்துக்குடியில் எங்கள் தெருவிலிருந்து கொழும்புக்குப் போய் வேலை செய்கிறவர்கள் அப்போது வீட்டுக்கு ஒருத்தர் இருந்தார்கள், சிலர் போய்விட்டு வருவார்கள், சிலர் போனவர்கள் போனவர்கள்தான். அப்பா வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார், வாசனைச் சோப்பும் பிளாஸ்க்கும் சீட்டித்துணியும் கொண்டுவருவார், கடைசியாக வந்த கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி கொண்டுவந்தார். கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும், மற்ற கிறிஸ்துமஸ் மாதிரித்தான் அதுவும், கேக் கொஞ்சம் கருகியிருந்தது. டிவி பெட்டிக்குள் இருந்தது, ஆன்டெனா மட்டும் அலுமினியக் கம்பிகளாகக் கட்டி வந்திருந்தது, இதே இடத்தில், இந்தத் தரையில்தான் அப்பா பனியனோடு குந்தி உட்கார்ந்து கம்பிகளைப் பரப்பி வைத்தார், நீளமானது பின்னால், அதைவிடச் சின்னது அடுத்து, கடைசியில் கையளவு, நண்டு கடித்து எடுத்த மீனின் முள் மாதிரி இருந்தது. நான் நட்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன், எனக்குப் பத்தொன்பது வயது, தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், விரல் நுனியெல்லாம் ஏற்கெனவே வலிக்கும். நாலு குழாயை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டி, மாடியின் நாலு மூலைக்கும் கம்பி இழுத்துக் கட்டி, குழாயின் கழுத்தில் பூஸ்டர் பெட்டியை வைத்து, அப்பா கடலைப் பார்த்து நின்று குழாயைத் திருப்பினார். "ஜெனோவா, இது எப்பவும் நான் இருக்கிற பக்கம் பாத்து நிக்கணும். நான் அங்கன ரோட்டுல நின்னு கை காட்டுதேன், நீங்க இங்கன உக்காந்து பாருங்க" என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அது வேடிக்கைப் பேச்சு, எல்லாருக்கும் வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது, அம்மாவைத் தவிர என்று இப்போது சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அம்மாவும் சிரித்தாள், நான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு நம் நாட்டு டிவி வராது, ரூபவாஹினிதான், சிலோன் டிவி என்போம், கடல் தாண்டி வருவது, வந்தால் வரும் வராவிட்டால் வராது. கிழக்கே கடலிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பார்கள், மழை மூட்டம் போட்டால் திரையில் புள்ளி புள்ளியாகக் கொசு பறக்கும், இரண்டு ஆள் நிழலோடு நிழலாக நாலு ஆளாகத் தெரிவார்கள், செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் தோளில் இன்னொரு தலை முளைக்கும். சாயங்காலமானால் தெருவில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குரல், வந்துட்டா, வரல, இப்ப, ஐயோ போச்சு, முன்னால இருந்ததுதான் நல்லாருந்தது, இடது பக்கம் திருப்பு, எந்த இடது, ஒன் இடதா என் இடதா. இன்றைக்கு யோசித்தால் அந்த ஒரு நேரத்தில்தான் தெருவே ஒன்றாகச் சண்டை போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மாடியில் நான், கீழே டிவி முன்னால் அம்மா, நடுவில் படிக்கட்டில் தம்பி லிகோரி, அவனுக்குப் பன்னிரண்டு வயது, அம்மா சொன்னதை என்னிடம் கத்துவதும் நான் சொன்னதை அம்மாவிடம் கத்துவதும் அவன் வேலை, இரண்டையும் கொஞ்சம் மாற்றித்தான் கத்துவான். எங்கள் ஆன்டெனாவுக்கு ஒரு குணம் உண்டு, குழாயை நான் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் தெளியும், கையை எடுத்தால் போய்விடும், உடம்பு வழியாகப் படம் இறங்குகிறது என்று லிகோரி சொல்லுவான், எனக்கு அது நிஜம் என்றே தோன்றும், காற்றில் கட்டுக்கம்பிகள் ம்ம்ம் என்று முனகும், குழாய் நெஞ்சில் அதிரும், கையெல்லாம் துருவும் உப்பும் மணக்கும், கீழே அவர்கள் பார்த்துச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் அந்த வருஷம் டிவி பார்த்ததைவிட டிவி காட்டியதுதான் அதிகம்.

பிறகு அந்த ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று முதலில் ரேடியோவில் சொன்னார்கள், தெருவில் பாதி வீட்டில் அழுகை, தந்தி அடித்தார்கள், தந்திக்குப் பதில் இல்லை, கப்பலில் ஆட்கள் வந்து இறங்கினார்கள், அப்பா இறங்கவில்லை. கடை முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் வந்தார், எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்தார், கடை எரிந்துவிட்டது, மேல்மாடியில்தான் ஆட்கள் படுப்பார்கள், சந்தியாகு அன்றைக்கு உள்ளே இருந்தானா வெளியே போயிருந்தானா எனக்குத் தெரியாது என்றார். அவர் போனபிறகு அந்த டம்ளரை அம்மா கழுவவே இல்லை, பல நாள் அது மேசைமேல் இருந்தது, அதில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது, இதெல்லாம் எதற்கு ஞாபகம் இருக்கிறது, முக்கியமானது ஒன்றும் ஞாபகம் இல்லை, அவர் முகம்கூட. ஒவ்வொரு சாயங்காலமும் சிங்களச் செய்தி, ஒரு வார்த்தை புரியாது, ஆளின் முகம் வந்தால் பார்ப்போம், கூட்டம் வந்தால் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அப்பாவின் தங்கை பெர்பெத்து அத்தை இரண்டு பெண்களோடு வந்து உட்கார்ந்தாள், என்னவோ பேச வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அம்மா திடீரென்று எழுந்து டிவியைப் போட்டாள், என்னை மேலே போகச் சொன்னாள். நான் போனேன், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், லிகோரி படியில் நிற்காமல் உள்ளேயே இருந்துவிட்டான், அம்மாவின் குரல் நேராக வந்தது, "அப்படியே நில்லுட்டி, அசையாத." நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அந்தக் கூப்பாடு. "அவிய! அவியதான்! அந்தா நிக்காவ!" நான் கையை விட்டுவிட்டு ஓடி வந்தேன், கடைசிப் படியில் வழுக்கி முட்டி பெயர்ந்தது, உள்ளே போனால் டிவியில் கொசுதான் பறந்துகொண்டிருந்தது, அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி தரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கிடங்கு, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், மூன்றாவதோ நாலாவதோ அவிய, கோடுபோட்ட சட்டை, திரும்பிப் பார்த்தாவ என்றாள். அத்தை, நான் சரியாப் பாக்கலியே மதனி என்றாள். லிகோரி, நான் பாத்தேன் என்றான். நான் பார்க்கவில்லை, நான் மேலே இருந்தேன்.

அதற்கப்புறம் அப்பா உயிரோடு இருந்தார். அப்படித்தான் சொல்லவேண்டும். அம்மாவின் கழுத்தில் தாலி இருந்தது, கோயிலில் கல்லறைத் திருநாளன்று இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது எங்கள் வீட்டுப் பெயர் அதில் வராது, தெருக்காரர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், அடுத்த வருஷம் சந்தேகப்பட்டார்கள், அதற்கடுத்த வருஷம் அங்கன ஒருத்தி இருப்பா என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, உயிரோடு இருக்கிற ஆள் ஒரு கடிதமும் போடாமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், நான்தான் அந்தக் காரணத்துக்குப் பெயர் வைத்தேன், குசுமா. செய்தி வாசிக்கிற பெண்களில் யாரோ ஒருத்தியின் பெயர் என்று நினைக்கிறேன். நீர்கொழும்பில் ஒரு ஓட்டு வீடு, சிவப்புச் சிமென்ட் தரை, பின்னால் ஒரு ஈரப்பலா மரம், குசுமாவுக்கு நீளமான முடி, ஒரு பெண், ஒரு பையன், அந்தப் பெண்ணுக்கு மட்டும் என் நெற்றி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா எங்கே என்று கேட்டார்கள், கொழும்பில் என்றோம், கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டார்கள், இரண்டு இடம் அப்படித் தட்டிப்போயிற்று, மூன்றாவது இடத்தை நான் வரவிடவில்லை. செத்துப்போனார் என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் நீர்கொழும்புக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன், ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே, பஸ்ஸில் நின்றுகொண்டே, அப்பா ஈசிசேரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், குசுமா தேநீர் கொண்டுவந்து வைப்பாள், நான் தொடமாட்டேன். அவர்களுக்கு வருஷா வருஷம் வயது ஏற்றிக்கொண்டே வந்தேன், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், போன வருஷம் எனக்கு முழங்கால் வலி வந்தபோது குசுமாவுக்கும் கொடுத்தேன், அவளுக்கு இரண்டு காலிலும். அப்பாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது, இன்னும் சாகவில்லை, நான் சாக விடவில்லை. இந்த வீட்டைவிட எனக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும். அது அவிய இல்லட்டி என்றால் அந்த வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்.

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மாறுகிறது, பாதிக்கு மேல் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம். கீழே சத்தம் ஏதும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் வாடை வருமா, பால் பாத்திரத்தைத்தான் இறக்கிவிட்டேனே, வெறும் நெருப்புக்கு வாடை கிடையாது. அம்மாவுக்கு நினைவு சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் என்னைப் பெர்பெத்து என்று கூப்பிடுவாள், மத்தியானம் எப்படி இருந்தாள், சீனி கூடக் கேட்டாள், அது தெளிவா கலக்கமா. கலக்கத்தில் சொன்னது என்றால் ஒன்றும் இல்லை, நாளைக்கு வேறொன்று சொல்லுவாள். தெளிவாகச் சொன்னது என்றால், எனக்கு ஒன்று இடிக்கிறது, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கிறேன். கொடைக்கானல் மலையில் பெரிய டவர் வந்து தமிழ் நிகழ்ச்சி வர ஆரம்பித்ததும் ஊரில் எல்லா ஆன்டெனாவும் ஒரே மாதத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பின, மாடியில் நின்று பார்த்தால் தெருவே திரும்பி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது, எங்கள் வீட்டுது மட்டும் அப்படியே கடலைப் பார்த்து நின்றது. லிகோரி அப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயது, "ஊரே திருப்பிட்டும்மா, நமக்கு மட்டும் என்ன கேடு" என்று கத்தினான், "தமிழ் வேணும்னா அடுத்த வீட்டுல போய்ப் பாரு" என்று அம்மா சொன்னாள், அவன் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் மேலே போய்த் திருப்பிவிட்டான், அம்மா வந்து அந்தக் குழாயை அவளே தனியாகத் திருப்பிப் பழையபடி நிறுத்தினாள், அவள் கையில் இரும்புச் சில்லு ஏறிப் பழுத்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கேபிள் வந்து ஊரில் ஆன்டெனாவெல்லாம் துணி காயப்போடும் கம்பம் ஆகிற வரைக்கும் அம்மா தனியாகச் சிலோன் டிவி பார்த்தாள், செய்தி, நாடகம், பாட்டு, மரவள்ளிக்கிழங்குக்கு என்ன உரம் போடலாம், எல்லாம். சிங்களம் வந்துவிட்டது அவளுக்கு. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே அம்மா ஏதோ நகைச்சுவை நாடகம் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வார்த்தை தெரியாத பாஷையில் என் அம்மா சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன், பயமாக இருந்தது. பொய் என்று தெரிந்தவள் எதற்கு அந்தப் பக்கமே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது நிஜம் என்றால் மத்தியானம் ஏன் அப்படிச் சொன்னாள். குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன், மேலே இரண்டு கம்பிதான் மிச்சம், துரு கையில் ஒட்டுகிறது, சுடுகிறது. என் முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன், கறை போகாது, தெரிந்தேதான் துடைக்கிறேன். தண்ணீர் வழிகிறது, எப்போது நிரம்பியது, காலடியில் ஓடுகிறது, தரை சூட்டில் ஆவி எழும்புகிறது, நான் இன்னும் நிற்கிறேன். கேட்காமல் இருந்துவிடலாம். கேட்காமல் இருந்தால் நாளைக்கும் நீர்கொழும்பு இருக்கும். எனக்கு அந்த ஆளைத் திட்டிப் பழகிவிட்டது, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஒரு அறுபது வயதுப் பெண் சாயங்காலங்களை என்ன செய்வாள்.

கீழே இறங்கி மோட்டாரை நிறுத்தினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அம்மா விழித்திருந்தாள், கட்டிலில் சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள், "தண்ணி வழியுதே, கேக்கலியாட்டி" என்றாள், அந்தக் குரலில் கலக்கம் இல்லை, அது பழைய அதட்டல். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அந்த டிவில பாத்தது யாரு?" அவள் எதையும் மறைக்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "யாரோ ஒருத்தன். நல்ல உசரம். ஒங்க அப்பா என் காது மட்டத்துக்குத்தான இருப்பாவ."

"பொறவு ஏன் அவியன்னு சொன்ன?"

"ஒங்க அத்த வந்து உக்காந்திருந்தால்லா. தாலியக் கழத்தச் சொல்லத்தான் வந்திருந்தாளுவ. எனக்குத் தெரியும். எனக்கு அன்னைக்குக் கழத்த மனசில்ல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நெனச்சேன்." கொஞ்ச நாள் என்று அவள் சொன்னபோது கை கழுத்துக்குப் போகவில்லை, போர்வையைத்தான் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பொய்யின்னு தெரிஞ்சிட்டு எதுக்கும்மா அத்தன வருசம் அந்த டிவியையே பாத்த? லிகோரி திருப்புனதுக்கு அந்தச் சண்ட போட்டியே."

"சொல்லியாச்சுல்லாட்டி." அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சொன்ன பொறவு நெசமாவே ஒரு நாள் தெரிஞ்சிற மாட்டாவளான்னுதான் பாத்தேன். ஒரு தடவ தெரிஞ்சாப் போதும், நான் சொன்னது பொய்யில்லாமப் போயிரும்." தலையணையில் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "தெரியல. அவிய அன்னைக்கே போய்ச் சேந்துட்டாவ ஜெனோவா. அவிய இருந்தா வராம இருப்பாவளா? ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வெளியே வந்து மஸ்கட்டில் இருக்கிற லிகோரிக்குப் போன் போட்டேன், வேலையில்தான் இருந்தான், பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நீ பாத்தேன்னு சொன்னியேல" என்றேன்.

"அம்மா பாத்தான்னா நானும் பாத்தேன். அப்ப எனக்கு என்ன தெரியும்." அப்புறம், "அக்கா, போர் நிறுத்தம் இருந்த வருசம் நான் கொழும்புக்குப் போனேன்ல, தேடுறதுக்கு" என்றான்.

"ஆமா."

"அவரக் கண்டுபிடிச்சா அடிக்கணும்னுதான் போனேன். ரோட்டுல வச்சு, எல்லாரும் பாக்க. லாட்ஜ் ரூம்ல நின்னு என்ன பேசணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சினான், ஐம்பது வயது தாண்டியவன், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவன். "அந்தக் கட இருந்த எடத்துக்கும் போனேங்க்கா. இப்ப அங்கன பெரிய செருப்புக்கட. உள்ள போயி ஒரு சோடி வாங்கிட்டு வந்தேன், சும்மா வர ஒரு மாதிரி இருந்துச்சு. அந்தத் தரையிலதான நின்னிருக்கேன்." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வாரேன் என்று அரபியில் சொன்னான். "பூசைக்குப் பேரு குடுத்துரு அக்கா" என்றான், வைத்துவிட்டான்.

அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்து முற்றத்தில் நின்றேன், மாடியிலிருந்து வழிந்த தண்ணீர் குழாய் வழியாக வந்து சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்பெத்து அத்தை போய்ப் பல வருஷம் ஆயிற்று, அவளுக்கும் இதைச் சொல்லியிருக்கலாம், அண்ணன் வரவில்லை என்று அவளும் சபித்துக்கொண்டேதான் செத்தாள். கோயில் ஆபீசுக்குப் போன் போட்டேன். பூசைக்குப் பேர் எழுதுகிற பையன் என் குரல் தெரிந்து, சொல்லுங்கக்கா என்றான்.

"நாளைக்குக் காலப் பூசைல ஒரு பேர் வாசிக்கணும் தம்பி."

"நன்றிப் பூசையா, எறந்தவங்களுக்கு ஆன்ம இளைப்பாற்றியா?"

"ஆன்ம இளைப்பாற்றி. பேரு சந்தியாகு."

"சந்தியாகு. உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பா."

எழுதுகிற சத்தம் நின்றது. "அய்யய்யோ. எப்பக்கா? ஒண்ணும் சொல்லவே இல்லியே. சாமியார்ட்ட சொல்லட்டா? அடக்கம் எப்ப வச்சிருக்கீங்க?"

உள்ளே அம்மா இருமினாள். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். "அடக்கம் இல்ல தம்பி. பூசை மட்டுந்தான்."

அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் சாவு வீட்டில் அதிகம் கேட்கக்கூடாது என்று அவனைப் பழக்கியிருக்கிறார்கள். "சரிக்கா. போர்டுல போடுறதுக்கு வயசு மட்டும் சொல்லுங்க."

நான் எண்பத்தெட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை வருஷமாக ஏற்றி ஏற்றி வைத்திருந்தது, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்துமஸில் எத்தனை, அதற்கடுத்த ஜூலையில் எத்தனை என்று விரலை மடக்கிப் பார்த்தேன், இரண்டாம் தடவையும் அதுதான் வந்தது.

"நாப்பத்தேழு."

"எண்பத்தேழாக்கா?"

"இல்ல தம்பி. நாப்பத்தேழு" என்றேன். "சின்ன வயசு."